இல்லாத டூருக்கு டி.வி.யில் விளம்பரம்! செரெங்கெட்டிக்கு ஆள் சேர்த்த கிர்சிமெக் யார்?

1945 மே. போர் முடிந்த கையோடு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மிருகக்காட்சி சாலைக்கு இயக்குநராக வந்தார் ஒரு கால்நடை மருத்துவர். பெயர் பெர்ன்ஹார்ட் கிர்சிமெக், வயது 36. 1944 மார்ச் குண்டுவீச்சில் கட்டிடங்கள் நொறுங்கிக் கிடந்தன. மிஞ்சிய விலங்குகள் வெகு சில. மனுஷனுக்கே சோறு கிடைக்காத ஊரில் சிங்கத்துக்கு யார் தீனி போடுவது? மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

கிர்சிமெக் ஜூலை 1-ம் தேதியே கதவைத் திறந்துவிட்டார். காட்ட விலங்கு இல்லையென்றால் என்ன? சர்க்கஸ், ராட்டினம், நடனம், கச்சேரி என்று பூங்காவைத் திருவிழா ஆக்கினார். பொழுதுபோக்கு இல்லாமல் காய்ந்து கிடந்த ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். டிக்கெட் காசு தீனி ஆனது. ஆள் வந்தால் விலங்கு பிழைக்கும். இந்தக் கணக்கை அவர் கடைசி வரை விடவில்லை.

1956-ல் ஆப்பிரிக்க விலங்குகளைப் பற்றி மகன் மைக்கேலுடன் ஒரு படம் எடுத்தார். லாபம் கொட்டியது. அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, டாங்கனிகாவில் (இன்றைய டான்சானியா) உள்ள செரெங்கெட்டி பூங்காவைப் பெரிதாக்க விரும்பினார்கள். அங்கிருந்த பூங்கா அதிகாரியோ, நிலம் இருக்கட்டும், முதலில் விலங்குகளை எண்ணித் தாருங்கள் என்றார். அப்பாவும் பிள்ளையும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, வரிக்குதிரை போல வர்ணம் அடித்த குட்டி விமானத்தில் ஜெர்மனியிலிருந்து பறந்தே போனார்கள்.

தாழப் பறந்து, தலைகளை எண்ணியதில் கிடைத்தது சுமார் 3.67 லட்சம். அதுவரை பத்து லட்சத்துக்கு மேல் இருக்கும் என்றுதான் நம்பிக் கொண்டிருந்தார்கள். இன்னொன்றும் தெரிந்தது. வில்டபீஸ்ட் எனும் மாட்டுமுக மான்கள் மழையையும் புல்லையும் தேடி, அரசு வரைந்திருந்த புதிய எல்லைக்கு வெளியே போய் வந்தன.

1959 ஜனவரி 10. மைக்கேல் தனியாக ஓட்டிச் சென்ற விமானத்தின் மீது பிணந்தின்னிக் கழுகு ஒன்று மோதியது. விமானம் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 24. ங்கொரொங்கொரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் மகனைப் புதைத்துவிட்டு, தகப்பன் பாதியில் நின்ற படத்தை முடித்தார். ‘செரெங்கெட்டி சாகக் கூடாது’ என்ற அந்தப் படத்துக்கு 1960-ல் ஆஸ்கர் கிடைத்தது.

விருது வந்துவிட்டால் பூங்காவுக்கு வருமானம் வந்துவிடுமா? ஐரோப்பாவிலிருந்து அங்கே போகிறவர்கள் அன்று பெரும் பணக்காரர்கள் மட்டுமே. கிர்சிமெக் ஒரு வேலை செய்தார். ஜெர்மனியே உட்கார்ந்து பார்க்கும் தன்னுடைய டி.வி. நிகழ்ச்சியில், கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் குறைந்த செலவில் டூர் இருக்கிறது என்று அறிவித்தார். அப்படி ஒரு டூரே கிடையாது! பச்சைப் புளுகு. மக்கள் டிராவல் ஏஜென்சிகளில் போய் கேட்கக் கேட்க, கம்பெனிகள் வேறு வழியில்லாமல் ஏற்பாடு செய்தன. புளுகு நிஜமானது. நிகழ்ச்சிக்கு வரும் நன்கொடையும் காட்டு விலங்குகளுக்கே போனது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1959-ல் செரெங்கெட்டியிலிருந்து மசாய் மாடு மேய்ப்பவர்கள் வெளியேற்றப்பட்டு ங்கொரொங்கொரோ பக்கம் அனுப்பப்பட்டார்கள். பூங்காவுக்குள் மனிதர்களே, உள்ளூர்க்காரர்கள் உட்பட, குடியிருக்கக் கூடாது என்பதில் கிர்சிமெக் பிடிவாதமாக இருந்தார். தலைமுறையாக அந்த விலங்குகளோடு வாழ்ந்தவனுக்கு இடமில்லை, கேமராவோடு வருகிறவனுக்கு உண்டு என்பது என்ன நியாயம்? அந்த நிலத் தகராறு இன்னும் ஓயவில்லை.

1987 மார்ச் 13. பிராங்க்பர்ட்டில் குழந்தைகளோடு சர்க்கஸ் பார்த்துக் கொண்டிருக்கும்போதே கிர்சிமெக்கின் உயிர் பிரிந்தது. அஸ்தியை ங்கொரொங்கொரோவுக்குக் கொண்டுபோய் மைக்கேல் பக்கத்திலேயே புதைத்தார்கள். பிரமிடு வடிவக் கல் ஒன்று அங்கே நிற்கிறது. செரெங்கெட்டிக்குப் போகும் சஃபாரி ஜீப்புகள் அதைத் தாண்டித்தான் போகின்றன.