சித்தூர் நாகையா

காட்பாடிக்குப் போகும் வண்டியில் பாகாலாவைக் கடந்து சித்தூர் நிலையத்தை அடையும்போதெல்லாம் எனக்கு நினைவு வருபவர் ஒருவரே. இவ்வூரைத் தம் பெயருக்கு முன்னே சூடிக்கொண்ட வி. நாகையா அவர்கள்தாம் அவர். பிறந்தது 1904 மார்ச்சு 28இல், குண்டூர் ஜில்லா ரேபல்லெயில். ஆயினும் அவரை நடிகராக்கியது சித்தூரின் ராமவிலாச சபை நாடக மேடையே.

தொடக்கத்தில் அவரும் நம்மைப் போல் ஒரு குமாஸ்தா! ஜில்லா ஆபீசில் எழுத்து வேலை; பின்பு ஆந்திர பத்திரிகாவில் நிருபர் பணி. 1938இல் 'கிருஹலக்ஷ்மி'யின் மூலம் படவுலகில் அடி வைத்தபோது வயது முப்பத்து நான்கு. சங்கீதம் அறிந்தவராதலால் தம் பாட்டைத் தாமே பாடினார்.

'அசோக்குமார்' (1941) தமிழ்ப் படத்தில் அவர் அசோகச் சக்கரவர்த்தி. மகன் குணாளனாகத் தியாகராஜ பாகவதர். மகனைவிடத் தந்தை ஆறே வயது மூத்தவர் என்பதைப் படம் பார்த்தவர் எவரும் நம்பார்! 1945இல் 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலக்ஷ்மிக்கு இணையாக ராணாவானார். தமிழைப் பேசுகையில் தெலுங்கின் சாயல் சற்றே தொனிக்கும். எல்லையோரத்தில் வாழும் நம் செவிக்கு அது அந்நியமன்று.

தெலுங்கில் அவருக்கு நிலைத்த புகழ் தந்தவை மூன்று: 'பக்த போதனா', 'தியாகய்யா' (1946), 'யோகி வேமனா' (1947). தம் பாகவதத்தை அரசனுக்கு அர்ப்பணிக்க மறுத்த கவி, ராஜ சன்மானத்தை வேண்டாமென்ற இசைஞானி, அனைத்தையும் துறந்த யோகி என மூவரும் செல்வத்தை ஒதுக்கியவர்கள். 'தியாகய்யா'வைத் தயாரித்து, இயக்கி, இசையமைத்தவரும் அவரே. ஹாலிவுட்டில் பாஸ்டராகவும் ஜோலாவாகவும் உருமாறிய பால் முனியோடு அவரை ஒப்பிட்டார்கள்.

அந்நாளில் அவர் ஈட்டிய பொருள் பெரிது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார், சொந்தப் படங்களிலும் கரைத்தார். 'என் வீடு' 1953இல் வந்தது. 'பக்த ராமதாசு' வளர்ந்து வளர்ந்து 1964இல்தான் திரைக்கு வந்தது. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் என் போன்றவனுக்கு இது புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை. ஆனால், அப்படி எண்ணியிருந்தால் அவர் நாகையா ஆகியிருப்பாரா என்ற ஐயமும் எழாமல் இல்லை.

கதாநாயகராய் உலவியவர் பிற்காலத்தில் சிறு வேடங்களுக்கும் சம்மதித்தார். 'எதிர்பாராதது' (1954) படத்தில் சிவாஜி கணேசனின் தந்தை. 'பாவமன்னிப்பு' (1961) படத்தில் அவரை வளர்த்து ஆளாக்கும் இஸ்லாமியப் பெரியவர். அங்கே அவர் உரக்கப் பேசுவதில்லை. ஆயினும் நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் எதிரே அமர்ந்திருப்பது போன்ற அமைதி உண்டாகும்.

1965இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருது வந்தது, வறுமை போகவில்லை. 1973 டிசம்பர் 30ஆம் நாள் சென்னையில் காலமானார். சென்னை தியாகராய நகரில் பனகல் பூங்காப் பக்கம் அவருக்குச் சிலை உண்டு. சித்தூரிலோ, நாடகமும் கச்சேரியும் நடைபெறும் கலாக்ஷேத்திரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.