தந்தையின் வீட்டைக் காத்த மே மொறிஸ் அம்மையார்

பிள்ளைகள் இல்லாத ஒரு மூதாட்டி, தன் தந்தை நேசித்த வீட்டை யார் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடுவது? வாசக நேயர்களே, இக்கேள்வி நம்மவர் குடும்பங்களிலும் எழுவதுண்டு. இங்கிலாந்திலே பூத்தையற் கலையில் முதல் வரிசையில் நின்ற மே மொறிஸ் அம்மையாரும் முதுமையில் இக்கேள்விக்கு விடை காண வேண்டியவரானார்.

1862ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி, மங்கள வார்த்தைத் திருநாளன்று பிறந்தபடியால் இவருக்கு மேரி எனப் பெயரிட்டனர். வீட்டிலே அது மே என்றாகி, அப்படியே நிலைத்துவிட்டது. தந்தை வில்லியம் மொறிஸ் பெரும் கவிஞர். துணிகளுக்கும் சுவர்க்கடதாசிகளுக்கும் பூவும் கொடியும் வரைந்து உலகப் புகழ் பெற்றவர். தாய் ஜேன் ஊசி வேலையில் கைதேர்ந்தவர். ஆகவே மகள் கையில் ஊசி ஏறியதில் வியப்பில்லை. 1885இல், தமது 23ஆம் வயதிலேயே, தந்தையின் கம்பனியில் பூத்தையற் பகுதி முழுவதையும் பொறுப்பேற்றார். கவிஞர் யேற்ஸின் சகோதரி லில்லி யேற்ஸ் இவரிடம் தையல் வேலை செய்தவர்களுள் ஒருவர். 1883இல் இவர் வரைந்த ஒரு கொடிமலர்ச் சுவர்க்கடதாசி நெடுங்காலம் தந்தையின் படைப்பென்றே எண்ணப்பட்டு வந்தது. பெரியவரின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு இப்படி நேர்வது புதினமல்ல.

இனி வீட்டுக்கு வருவோம். தேம்ஸ் நதியின் மேற்பகுதியிலே, ஒக்ஸ்போட் மாநிலத்துக் கெல்ம்ஸ்கொட் கிராமத்தில், 1600ஆம் ஆண்டளவில் கமக்காரக் குடும்பமொன்று கட்டிய கல்வீடு அது. கூரைக்கும் ஓடில்லை, மெல்லிய கற்பலகைகளையே அடுக்கியிருக்கிறார்கள். 1871இல் மொறிஸ் அதைக் குத்தகைக்கு எடுத்தபோது மேக்கு ஒன்பது வயது. ஓவியர் றொசெற்றியும் குத்தகையிற் பங்காளியாகி, 1874 வரை வந்து தங்கினார். அதனால் குடும்பத்தில் விளைந்த மனக்கசப்பை இங்கே விரிக்கத் தேவையில்லை. சிறுமிக்கோ அந்த வீடு சுவர்க்கமாயிருந்தது.

அந்த வீட்டில் மொறிஸ் படுத்த பழைய கட்டில் ஒன்றுண்டு. நான்கு கால்களும் உயர்ந்து மேற்கட்டி தாங்கும் கட்டில். 1891இல் தந்தை அக்கட்டிலுக்கென்றே ஒரு கவிதை எழுதிக் கொடுத்தார். மகள் அதை எழுத்தெழுத்தாகத் தைத்து, மேற்கட்டியைச் சுற்றித் தொங்கவிட்டார். திரைச்சீலைகளும் மகளின் வேலையே. மேல்விரிப்பைத் தாய் தைத்தார். ஒரு குடும்பம் முழுவதும் ஒரு கட்டிலிலே கூடியிருப்பதுபோல இல்லையா?

1896இல் தந்தை காலமாகி, கெல்ம்ஸ்கொட் ஆலய வளவிலே அடக்கம் செய்யப்பட்டார். தமக்கை ஜெனி இளமை முதலே வலிப்பு நோயாளி. 1890இல் மே செய்துகொண்ட திருமணமும் சில ஆண்டுகளிலே முறிந்துபோயிற்று. இத்தனைக்கும் நடுவில் அவர் கை ஓயவில்லை. ஆண்களின் கலைஞர் சங்கம் பெண்களைச் சேர்க்க மறுத்தபடியால், 1907இல் பெண்களுக்கென்றே ஒரு கலைச் சங்கம் அமைத்தார். தந்தையின் நூல்களையெல்லாம் 1910 முதல் 1915 வரை 24 தொகுதிகளாகப் பதிப்பித்து முடித்தார்.

நமக்குச் சிறப்பாக உவப்பான செய்தியொன்று. முற்கால இங்கிலாந்திலே, கத்தோலிக்க வழிபாட்டுக்கெனப் பொன் நூலாலும் பட்டாலும் தைத்த குருத்துவ உடுப்புகள் ஐரோப்பாவெங்கும் பேர்பெற்றிருந்தன. அவற்றை நுணுகி ஆராய்ந்து 1905இல் இவர் கட்டுரைகள் எழுதினார். பாப்பரசர் இரண்டாம் பத்திநாதர் பியென்சா ஆலயத்துக்கு வழங்கிய பெரும் போர்வை அவற்றில் ஒன்று. சமயக் குழப்பக் காலத்தில் நாடுவிட்டுப் போன சையன் மடத்துக் கன்னியர்கள் கைவிடாது காத்த போர்வை இன்னொன்று. பிறர் அழகு என்று சொல்லி நிறுத்திய இடத்தில், எந்த நூல் எந்தப் பக்கமாக ஓடியது என்று பார்த்தவர் இவர்.

1913இல், அதுவரை குத்தகையில் இருந்த வீட்டைத் தாய் விலைக்கு வாங்கினார். வாங்கி அடுத்த ஆண்டே இறந்துபோனார். 1923இல் மே நிரந்தரமாக அங்கே குடியேறினார். முதலாம் உலகப் போர்க்காலத்தில் கமத்தொழிலுக்கு வந்த மேரி லொப் என்ற பெண்மணி அவருக்குத் துணை. ஊர் மக்களுக்குத் தந்தையின் நினைவாக ஒரு மண்டபம் கட்டுவித்தார். 1934இல் அதைத் திறந்து வைத்தவர் பேர்னாட் ஷோ. இளமையில் மேயின் மனம் நாடிய அதே ஷோதான். அப்போது மேக்கு வயது 72.

வீட்டை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர் மரணசாசனத்திலே விடை எழுதினார். வீடு ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துக்கு. ஆனால் உள்ளிருக்கும் பொருள்கள் உள்ளபடியே காக்கப்பட வேண்டும், பொதுமக்கள் வந்து பார்க்கவும் இடமிருக்க வேண்டும். 1938 ஒக்டோபரில் அவர் கண்மூடினார். மறுவருடம் மேரி லொப்பும் இறந்தார். சாசனத்தில் அடங்காத பொருள்கள் பல அவ்வருடமே ஏலத்திற் போயின.

பல்கலைக்கழகம் பெரியது, பணமுள்ளது. ஆனால் வீட்டை நூதனசாலைபோல வைத்துக் காக்க அதற்கு மனமில்லை. இருபது வருடங்களுக்கு மேலாகியும் மேயின் நிபந்தனைகள் நிறைவேறவில்லை, வீடும் பழுதடைந்தது. அப்போது கைகொடுத்தது சாசனத்தின் இன்னொரு பகுதி. எஞ்சிய சொத்தெல்லாம் இலண்டன் தொல்பொருளறிஞர் சங்கத்தைச் சேருமென்று அம்மையார் எழுதியிருந்தார். அதன்படி 1962இல் வீடு அச்சங்கத்தின் கைக்கு வந்தது. முதல் வரி பிழைத்தாலும் அடுத்த வரி காக்கும்படி எழுதி வைத்த அந்த முன்யோசனையை என்னென்பது! தையற்காரி அல்லவா, முடிச்சை இரண்டு முறை போட்டிருக்கிறார்.

சங்கத்தார் அந்தப் பத்தாண்டுகளிலேயே வீட்டைத் திருத்தினர். பின்னர் மற்றொரு பெரிய திருத்த வேலை முடிந்து 2022இல் மீண்டும் கதவு திறந்தது. மொறிஸ் படுத்த கட்டில் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. மேற்கட்டியைச் சுற்றி மகள் தைத்த எழுத்துகளை வருவோர் நின்று வாசிக்கலாம்.