ஜான் ஸ்காட் ஹால்டேன்

கடலில் மூழ்குவது அரிதன்று. மூழ்கியவன் கேடின்றி மீளுவதே அரிது. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கினால் நேரே மேலேறலாம், எதனைக் கடந்தால் இடையிடையே நின்றுதான் ஏறவேண்டும் என்னும் எல்லையைக் கணக்கிட்டு உலகிற்கு உதவியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞராவர்.

இவர் ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் 1860-ஆம் ஆண்டு மே மாதத்திற் பிறந்தார். இவருடைய பாட்டனார் ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் ஹால்டேன், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலொன்றின் தலைவராயிருந்து, பின்னர் அதனைத் துறந்து சுவிசேஷ ஊழியத்திற் புகுந்தவர். பேரனார் எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று 1884-ல் பட்டம் பெற்றார். பின்பு ஆக்ஸ்போர்டையடைந்து, மனிதர் சுவாசிக்கும் காற்றினை ஆராய்வதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். சுரங்க வெடிவிபத்துக்களில் மடிந்தோருட் பலர் நெருப்பினாலன்றிக் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவினாலேயே இறந்தனரென்று 1896-ல் விளக்கினார். அவ்வாயுவைத் தாமே சுவாசித்து அதன் இயல்பையும் அளந்தறிந்தார்.

அக்காலத்தில் தலைக்கவசம் அணிந்து கடலில் மூழ்கிய தொழிலாளர் பலர், மேலே வந்தபின் மூட்டுவலியாலும் முடக்குவாதத்தாலும் வருந்தினர்; சிலர் மாண்டனர். நீரின் ஆழத்தில் அமுக்கம் மிகும். அமுக்கம் மிகவே, சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கும். மூழ்கியவன் விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் பொங்குவதுபோல, அது உடலினுள்ளே குமிழிகளாய் வெளிப்படும். இக்காரணத்தைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878-ல் வெளியிட்டிருந்தார். ஆயினும், எவ்வாறு ஏறினால் தீங்கில்லை என்பதை எவரும் திட்டமாக அறிந்திலர்.

பிரிட்டிஷ் கடற்படையின் சார்பில் ஹால்டேன் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். லண்டனில் லிஸ்டர் ஆராய்ச்சிச் சாலையிலிருந்த இரும்பறையில் ஆடுகளை அடைத்து, அமுக்கத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தார். சில ஆடுகள் முடமாயின, சில மாண்டன. 1906-ல் ஸ்காத்லாந்துக் கடலில் டாமன்ட், காட்டோ என்னும் கடற்படையினர் இருவர் 210 அடி ஆழம் சென்று நலமே மீண்டனர். ஹால்டேனின் பதின்மூன்று வயது மகனும் அப்பொழுது மூழ்கினான். பிற்காலத்தில் அறிவியற் பேராசிரியராய் விளங்கி, 1957-ல் நம் நாட்டிற்கு வந்து, 1964-ல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன் அவனே.

அமுக்கம் பாதியாகக் குறையுமளவும் விரைந்து ஏறலாம். அதன்மேல் பத்தடிக்கு ஒருமுறை நின்று, குறித்த நேரம் தங்கி ஏறவேண்டும் என்பதே ஹால்டேன் கண்ட முடிவு. பாய்காட், டாமன்ட் என்பாருடன் சேர்ந்து 1908-ல் அதனை அட்டவணைகளோடு வெளியிட்டார். ஜெர்மானியக் கண்ணிவெடியால் 1917-ல் அயர்லாந்துக்கருகே மூழ்கிய லாரன்டிக் கப்பலினின்று, டாமன்ட் தலைமையில் மூழ்குவோர் 1924-க்குள் 3,211 பொற்கட்டிகளில் 3,186-ஐ மீட்டனர். அவர்களில் ஓருயிரும் அப்பணியில் மாளவில்லை.

ஹால்டேன் 1936-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆக்ஸ்போர்டிற் காலமானார். 1943-ல் கூஸ்தோ, கான்யான் இருவரும் முதுகிற் சுமக்கும் காற்றுக்கலத்திற்குரிய கருவியை அமைத்தபின், உல்லாசமாக மூழ்குவோர் பெருகினர். பின்வந்தோர் ஹால்டேனின் எண்களைத் திருத்தினர்; அடிப்படையோ நிலைத்து நிற்கின்றது. உல்லாசமாக மூழ்குவோர் பொதுவாக 40 மீட்டருக்குள்ளும், அட்டவணை கூறும் நேரத்திற்குள்ளும் அடங்குவர். 30 மீட்டரெனில் அந்நேரம் ஏறக்குறைய 20 நிமிஷமே. இவ்வெல்லைக்குள் உள்ளவன், இடர் நேரின் நிதானமாக நேரே மேலேறலாம். அதனைக் கடந்தவனுக்கோ தலைமேல் கண்ணுக்குத் தோன்றாத கூரையொன்று உண்டு. மேலே சூரிய ஒளி தெரியினும், காற்றுக் குறையினும், அச்சம் மிகினும், குறித்த இடங்களில் நின்றாலன்றி அவன் ஏறலாகாது. ஆதலின் மிகுதியான வாயுவும், தனிப்பயிற்சியும், முன்கூட்டிய கணக்கும் அவனுக்கு இன்றியமையாதன. உல்லாச மூழ்கலையும் அதற்கப்பாற்பட்டதையும் பிரிக்கும் கோடு, வெறும் ஆழத்தினாலன்று, திரும்பும் வழி திறந்துளதா என்பதனாலேயே வரையப்படுகின்றது.

துணிவு ஆழத்திற்கு இட்டுச்செல்லும், பொறுமையே கரைசேர்க்கும். பிறர் உயிரைக் காக்கத் தம் உடலையே சோதனைக்கு ஈந்த ஹால்டேன் கடலினுள் நாட்டிய எல்லைக்கல், இன்றும் எண்ணிறந்தோரை வீடு சேர்க்கின்றது. இதனினும் சிறந்த நினைவுச் சின்னம் ஓர் அறிஞருக்கு வேண்டுவதின்று.