அளவுகோலையும் அளந்தவர்

எங்கள் ஒரகடம் வட்டாரத்தில் இன்று தொழிற்கூடங்களை லேசர் ஒளியால் அளக்கின்றனர். அப்போது கறுப்பு வெள்ளைக் கட்டமிட்ட குறிப்பலகைகளை ஆங்காங்கே நிறுத்துவர். அவை நிற்கும் இடங்களை வேறொரு கருவியால் முன்னரே அளந்து வைத்திருப்பர். லேசர் காட்டும் இடம் அதிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று பார்த்தே அதன் பிழையை அறிவர். கருவியை நம்பு, ஆனால் சோதித்த பின் நம்பு என்னும் இந்நெறிக்கே வாழ்வை ஈந்த ஒருவர், ஒரகடத்திற்கு வெகு தொலைவில் இல்லாத பரங்கிமலையிலிருந்துதான் தம் பணியைத் தொடங்கினார் என்பதைப் புவியியல் மாணவனாகிய நான் பெருமையோடு நினைக்கிறேன். அவரே வில்லியம் லாம்ப்டன்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர்; படைவீரர். அமெரிக்க விடுதலைப் போரில் 1781-இல் யார்க்டவுனில் சிறைப்பட்டார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினப் போரிலும் பங்கேற்றார். போர் ஓய்ந்ததும் அவர் வேண்டியது பதவியன்று. தென்னாட்டை முக்கோணங்களால் அளக்க அனுமதி!

1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏறக்குறைய ஏழரை மைல். நூறு அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் கூடாரம் அமைத்து, வெப்பமானிகளும் வைத்தார். சூட்டில் எஃகு நீளுமல்லவா? உழைக்கும் சங்கிலியை ஒப்பிட்டுப் பார்க்கவென்றே மற்றொரு சங்கிலியையும் பாதுகாத்தார்.

அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் மேற்கே மைசூர் நாட்டுக்குள் சென்றன. 1804-இல் பெங்களூரு அருகே இன்னொரு கோட்டைத் தரையிலேயே அளந்தனர். கணக்கு சொன்ன நீளமும் சங்கிலி சொன்ன நீளமும் ஒத்துவராவிடில் இடைப்பட்ட உழைப்பு முழுவதும் ஐயத்திற்குரியதாகிவிடும். வந்த வேறுபாடோ நான்கு அங்குலத்திற்கும் குறைவு!

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதியது. அதன் வட்டம் நெளிந்தது. லாம்ப்டன் கூடாரத்திற்குள் புகுந்து, ஆறு வாரம் பாடுபட்டு, அதைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய வடிவத்திற்குக் கொண்டுவந்தார். மனம் தளர்ந்தவர் செய்யும் காரியமா இது?

1823 ஜனவரியில், எழுபதை ஒட்டிய வயதில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், பணிக்கிடையே மறைந்தார். அவருக்குப் பின் வந்த எவரெஸ்டின் பெயரை உலகின் உயர்ந்த சிகரம் தாங்குகிறது. லாம்ப்டனின் பெயரைச் சிலரே அறிவர். கருவி சுமந்தும், குன்றேறிக் கொடி நட்டும், காய்ச்சலில் மடிந்தும் இப்பணியை நிறைவேற்றிய நம் நாட்டு ஊழியர் பலரின் பெயர் நமக்குத் தெரியவே தெரியாது.

நண்பர்களே, கருவிகள் மாறிவிட்டன. சங்கிலி போய் ஒளி வந்துவிட்டது. ஆனால் ஓர் அளவை மெய்யென்று ஏற்குமுன் அதை வேறொரு வழியால் சோதிக்கும் நேர்மை மட்டும் மாறவில்லை. நம் மண்ணில் எழும் ஒவ்வொரு குறிப்பலகையும் அந்த நேர்மைக்கு நட்ட கொடியென்றே நான் கருதுகிறேன்.