தம்பிக்குச் சமர்ப்பணம்

கன்டினியுவல், கன்டினியுவஸ் ரெண்டும் ஒண்ணுதானேன்னு நினைக்கிறோம்ல? விட்டு விட்டு அடிக்கடி நடந்தா முதல் சொல். இடைவெளியே இல்லாம நடந்தா இரண்டாவது.

இப்படிக் குழப்பும் ஜோடிகளைப் பிரித்துக் காட்டியவர் ஹென்றி ஃபவுலர். 1858-ல் இங்கிலாந்தில் பிறந்தார். 17 வருஷம் பள்ளி ஆசிரியர். விடுதிப் பொறுப்பு ஏற்றால் மாணவர்களைத் தேவாலயச் சடங்குக்குத் தயார் செய்யணும். மனசு ஒப்பலை, வேலையை விட்டார்.

கெர்ன்சி தீவில் தம்பி ஃபிரான்சிஸோடு சேர்ந்து எழுதிய 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' 1906-ல் வந்தது. சொல்லில் அவ்வளவு கறாரான மனுஷன், முதல் உலகப் போரில் 57 வயசுல வயசைக் குறைச்சுச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தார்! தம்பியும் சேர்ந்தார்.

1918-ல் தம்பி காசநோயால் இறந்தார். இருவரும் திட்டமிட்ட 'மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்' அகராதியை ஹென்றி தனியாவே முடித்தார். 1926-ல் வெளியான அதைத் தம்பிக்கே சமர்ப்பித்தார். 1933-ல் மறைந்தார்.

ரிப்போர்ட்டில் அடுத்த தடவை 'கன்டினியுவஸ்'னு எழுதும்போது, அந்த அண்ணனை ஒரு நொடி நினைச்சுக்கோங்க.