மழை வந்தால், இருட்டினால் டிஎஸ்எல் நெட் ஏன் தடுமாறுகிறது? 1850-ல் பிறந்த ஹெவிசைடிடம் இருக்கிறது பதில்

பகல் முழுக்க நன்றாக ஓடும் டிஎஸ்எல் இணைப்பு, இருட்டியதும் ஆட்டம் காணும். நாலு தூறல் விழுந்தால் போதும், மோடத்தின் பச்சை விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்துவிடும். மீட்டிங் நடுவில் திரை அப்படியே உறைந்து நிற்கும். மோடத்தை அணைத்துப் போடுவோம். கொஞ்ச நேரம் வரும், மறுபடி போகும்.

ஃபைபர் எட்டாத வீடுகளில் இன்றும் இணையம் வருவது பழைய தொலைபேசிச் செப்புக் கம்பியில்தான். அந்தக் கம்பிக்குள் சிக்னல் எப்படி ஓடுகிறது, எங்கே தேய்கிறது, எதனால் குழம்புகிறது என்பதை 19-ம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் ஆலிவர் ஹெவிசைடு. 16 வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். 24 வயதுக்குப் பிறகு வேலைக்கே போகாதவர்.

யார் இந்த ஹெவிசைடு?

1850 மே 18-ல் லண்டனின் கேம்டன் டவுனில் பிறந்தார். அப்பா மரச்செதுக்கு ஓவியக் கலைஞர், வருமானம் குறைவு. சிறுவயதில் வந்த செங்காய்ச்சல் ஹெவிசைடின் காதைப் பாதித்தது. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியாத, தனிமையான பிள்ளைப் பருவம்.

ஒரே அதிர்ஷ்டம், உறவினரான சார்லஸ் வீட்ஸ்டன். அம்மாவின் சகோதரியை மணந்தவர், பிரிட்டனில் மின்தந்தியை உருவாக்கியவர்களில் ஒருவர். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை என்பதால், தந்தி வேலையைப் படிக்கச் சொன்னார். 1868-ல் டென்மார்க் போன ஹெவிசைடு, பிறகு இங்கிலாந்தின் நியூகாசில் நிலையத்தில் வேலை பார்த்தார்.

கடலுக்கடியில் கிடக்கும் கேபிள் பழுதானால் அதை இறங்கிப் பார்க்க முடியாது. கரையில் உட்கார்ந்து மின்தடையை அளந்து, இத்தனையாவது மைலில் கோளாறு என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். ஹெவிசைடின் பிற்காலக் கணிதத்துக்கு விதை போட்ட வேலை இதுதான்.

1873-ல் மேக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் நூல் வெளிவந்தது. புரட்டிப் பார்த்த ஹெவிசைடுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அதில் பெரிய விஷயம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. 1874-ல் வேலையை விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தார். குருவும் இல்லை, சம்பளமும் இல்லை. சில ஆண்டுகளில் மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை நான்காகச் சுருக்கினார். இன்று பொறியியல் மாணவர்கள் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று மனப்பாடம் செய்யும் வடிவம் ஹெவிசைடு கொடுத்ததுதான். இம்பீடன்ஸ், இண்டக்டன்ஸ் போன்ற சொற்களும் அவர் உருவாக்கியவையே.

கம்பிக்குள் என்ன நடக்கிறது?

1858-ல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட முதல் தந்திக் கேபிளில், விக்டோரியா ராணியின் 98 வார்த்தைச் செய்தியை அனுப்ப சுமார் 16 மணி நேரம் ஆனது. அனுப்பும்போது கூர்மையாக இருந்த துடிப்பு, மறுமுனையில் பரவிக் குழைந்து வந்ததே காரணம்.

கல்யாண ஊர்வலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேளக்காரர்கள் வேகமாக முன்னே போய்விட்டார்கள். மாப்பிள்ளை கார் நடுவில் நிற்கிறது. சீர்வரிசைத் தட்டு தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. மண்டபத்தில் காத்திருப்பவருக்கு வருவது ஊர்வலமாகவே தெரியாது. சிக்னலும் அப்படித்தான். அதிலுள்ள வெவ்வேறு அதிர்வெண்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன, வெவ்வேறு அளவு தேய்கின்றன.

கம்பியின் தன்மையை நான்கு அளவுகளில் சொல்லிவிடலாம் என்றார் ஹெவிசைடு: மின்தடை, மின்தேக்குதிறன், மின்கசிவு, மின்தூண்டல் என்கிற இண்டக்டன்ஸ். இந்த நான்கும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் அமைந்தால், சிக்னல் பலவீனமாகலாமே தவிர உருக்குலையாது. சாதாரணக் கம்பியில் இண்டக்டன்ஸ் குறைவு. அதைக் கூட்டினால் தெளிவான பேச்சைத் தொலைதூரம் அனுப்பலாம். இதை அவர் 1887-ல் எழுதினார்.

அதிகாரியோடு மோதல்

அப்போது பிரிட்டனின் தொலைபேசி, தந்தி எல்லாம் தபால் துறையின் பிடியில் இருந்தன. அங்கே மின்துறை நிபுணர் வில்லியம் பிரீஸ். இண்டக்டன்ஸ் என்பதே தொலைபேசிக்கு எதிரி, அதை ஒழிக்க வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. ஹெவிசைடோ அதையே இன்னும் கூட்டச் சொன்னார்!

ஹெவிசைடின் அண்ணன் ஆர்தர் அதே துறையில் பொறியாளர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு பிரீஸ் அனுமதி தரவில்லை. அண்ணனுக்கு வேலை முக்கியம், அடங்கிப் போனார். தம்பிக்கு இழக்க எதுவும் இல்லை. தன் கட்டுரைகளில் பிரீஸைக் கிண்டலடித்துத் தள்ளினார். ஒருகட்டத்தில் அவற்றை வெளியிட்டு வந்த இதழின் கதவும் மூடியது.

1889-ல் நிலைமை மாறியது. பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன், மின்பொறியாளர் சங்க மேடையிலேயே ஹெவிசைடின் பணியைப் பாராட்டினார். 1891-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். மரியாதை வந்தது, பணம் வரவில்லை.

1900-ஐ ஒட்டி, கம்பியில் குறிப்பிட்ட இடைவெளிகளில் சுருள்களைப் பொருத்தி இண்டக்டன்ஸைக் கூட்டும் வழியை அமெரிக்காவில் ஜார்ஜ் கேம்பெல், மைக்கேல் பியூபின் இருவரும் தனித்தனியாக வடிவமைத்தனர். காப்புரிமை பியூபினுக்குப் போனது. அதற்காக ஏடி அண்ட் டி நிறுவனம் அவருக்குக் கொடுத்தது பல லட்சம் டாலர். அடிப்படைக் கணக்கைப் போட்ட ஹெவிசைடுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பிறகு ஒரு தொகை தர அந்த நிறுவனம் முன்வந்ததாகவும், கண்டுபிடிப்பு தன்னுடையது என்று முழுமையாக ஒப்புக்கொண்டால்தான் வாங்குவேன் என்று அவர் மறுத்ததாகவும் சொல்லப்படுகிறது.

சரி, இதுக்கும் நம்ம வீட்டு நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். முதலாவது, அந்தச் சுருளேதான். லோடிங் காயில் எனப்படும் அது, பேச்சுக்கு வேண்டிய சுமார் 3,400 ஹெர்ட்ஸ் வரை அருமையாகக் கடத்தும். அதற்கு மேல் உள்ளதைத் தடுத்துவிடும். ஆனால் ஏடிஎஸ்எல் இணையம் ஓடுவது சுமார் 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1,100 கிலோஹெர்ட்ஸ் வரை. சுருள் உள்ள லைனில் போன் தெளிவாகக் கேட்கும், நெட் வரவே வராது. பல நாடுகளில் டிஎஸ்எல் கொடுப்பதற்காகவே பழைய சுருள்களைத் தேடிக் கழற்றினார்கள்.

இரண்டாவது, தூரம். அதிர்வெண் கூடக் கூட மின்சாரம் கம்பியின் மேற்பரப்பில் மட்டும் ஓடும். அதனால் தடை கூடும். 1885-ல் ஹெவிசைடு ஆராய்ந்த விஷயம் இது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் குறைவது இதனால்தான்.

மூன்றாவது, எதிரொலி. கம்பியின் இம்பீடன்ஸ் திடீரென மாறும் இடத்தில் சிக்னலின் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். துருப்பிடித்த ஜாயின்ட், எந்தப் போனும் இல்லாமல் தொங்கும் பழைய எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாம் இதைச் செய்யும். மழைநீர் இறங்கினால் மின்கசிவும் சேர்ந்துகொள்ளும்.

நான்காவது, இரவு. வானத்தின் உயரத்தில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்கலாம், அதுதான் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புகிறது என்று 1902-ல் ஹெவிசைடு சொன்னார். அதே ஆண்டு அமெரிக்காவில் ஆர்தர் கென்னலியும் சொன்னார். பகலில் அதற்குக் கீழே உள்ள அடுக்கு மத்திய அலை வானொலியை உறிஞ்சிவிடும். இரவில் அது மறைந்துவிடுவதால் தொலைதூர நிலையங்களின் அலைகள் மேலே போய் எதிரொலித்து இறங்கும். அவற்றின் அதிர்வெண்ணும் ஏடிஎஸ்எல் அதிர்வெண்ணும் ஒன்றோடொன்று மோதுபவை. கம்பத்தில் தொங்கும் தொலைபேசிக் கம்பி ஆன்டெனாவாகி இரைச்சலை வாங்கிக்கொள்ளும். ஓரத்தில் நிற்கும் லைன் இருட்டியதும் கட் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெவிசைடு வழியில் 5 சோதனைகள்

1. முதலில் விளக்கைப் பாருங்கள். டிஎஸ்எல் விளக்கு அசையாமல் எரிந்தும் நெட் மந்தமாக இருந்தால், பிரச்சினை பெரும்பாலும் வைஃபை அல்லது நெரிசல். லேன் கேபிளில் இணைத்துப் பார்த்தால் வைஃபையா இல்லையா என்பது தெரிந்துவிடும். விளக்கு சிமிட்டினால் லைனில் கோளாறு.

2. லேண்ட்லைன் ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். கரகரவென்று சத்தம் கேட்டால் ஈரமோ துருவோ உள்ளே இருக்கிறது.

3. ஒவ்வொரு போனுக்கும் ஃபில்டர் அல்லது ஸ்பிளிட்டர் இருக்கிறதா? மணி அடிக்கும்போதெல்லாம் நெட் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

4. லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் சாக்கெட்டில் மோடத்தை மட்டும் நேராகச் சொருகுங்கள். அங்கே சரியாக ஓடினால் குற்றவாளி வீட்டு வயரிங்.

5. மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் என்ற எண் இருக்கும். 6 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு நிலைக்காது என்பது பொதுவான கணக்கு. காலை, இரவு, மழை நேரம் என்று சில நாள் குறித்து வையுங்கள்.

நெட் வரலை என்று மட்டும் புகார் கொடுத்தால் மோடத்தை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். இந்த எண்களைச் சொன்னால், எங்கே தேடுவது என்று லைன்மேனுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

கடைசிக் காலம்

1896 முதல் அரசு தந்த ஆண்டுக்கு 120 பவுண்டு உதவித்தொகையில்தான் ஹெவிசைடின் வாழ்க்கை ஓடியது. டார்க்கி என்ற கடற்கரை ஊரில் தனியாக இருந்தார். கேஸ் பில் கட்ட முடியாமல் இணைப்பு துண்டிக்கப்பட்டு, குளிரில் கிடந்த நாட்களும் உண்டு. 1922-ல் மின்பொறியாளர் சங்கம் தன் முதல் ஃபாரடே பதக்கத்தை அவருக்கு அறிவித்தது. விழாவுக்கு வராத மனிதரைத் தேடி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

1924 டிசம்பரில் எட்வர்ட் ஆப்பிள்டனும் மைல்ஸ் பார்னெட்டும், ஹெவிசைடு சொன்ன வான அடுக்கு உண்மையிலேயே இருக்கிறது என்பதைச் சோதனையில் கண்டார்கள். முடிவுகள் அச்சில் வந்தது 1925 மார்ச்சில். பிப்ரவரி 3-ம் தேதியே ஹெவிசைடு காலமாகியிருந்தார். வானடுக்கு ஆய்வுகளுக்காக 1947-ல் ஆப்பிள்டனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.