ஐயரவர்களின் வாழ்விலே ஒரு வியாழக்கிழமை

நாடோறும் ஒரே நேரத்தில் மணியடிக்கின்றது. ஒரே வகுப்பிற்குச் செல்கின்றோம். சென்ற ஆண்டு கற்பித்த பாடத்தையே இவ்வாண்டும் கற்பிக்கின்றோம். ஆசிரியர் வாழ்க்கை இங்ஙனம் ஒழுங்காகச் செல்லும் வாழ்க்கை. அவ்வொழுங்கிடையே ஒருநாள் எதிர்பாராத ஒரு வினா எழுந்து, ஒருவருடைய வாழ்நாள் முழுவதையும் வேறு வழியிலே திருப்பிவிடுதலும் உண்டு. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் சரித்திரம் இதற்குச் சிறந்த சான்றாகும்.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த சங்கீத வித்துவானாகிய வேங்கடசுப்பையருக்குப் புதல்வராகப் பிறந்தார். குடும்பம் வறியது, தமிழ்மீது கொண்ட வேட்கையோ பெரிது. 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து, 1876இல் அப்பெரியார் சிவபதமடையும் வரையும் உடனிருந்து கற்றார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என அவர் பாடங்கேட்ட நூல்கள் மிகப்பல. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்திலே சுப்பிரமணிய தேசிகரவர்களின் அன்புக்குரியவராய் இருந்தார். 1880ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே, தியாகராச செட்டியார் வகித்துவந்த கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவி, அச்செட்டியாரது முயற்சியினாலேயே ஐயரவர்களுக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் ஐம்பது ரூபா. கல்லூரி நாள்களிலே வகுப்பு. விடுமுறை நாள்களிலே ஆதீனம். கற்க வேண்டியவற்றைக் கற்றாயிற்று, இனிக் கற்பித்தலே கடன் என்று அமைதியடைதற்கு அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

அவ்வாண்டிலே அரியலூரிலிருந்து சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்தார். அவர் தமிழபிமானி என்பதை அறிந்த தேசிகரவர்கள், அவரைச் சென்று கண்டுவரும்படி ஐயரவர்களுக்குக் கூறினார். ஒக்டோபர் 21ஆம் திகதி வியாழக்கிழமை ஐயரவர்கள் முதலியார் இல்லத்திற்குச் சென்றார். புதிதாக வந்த உத்தியோகத்தரைக் கண்டு வரும் வழக்கமான உபசாரமே அது.

முதலியார் பெரிதாக முகங்கொடுத்துப் பேசவில்லை. யாரிடம் கற்றீர், என்னென்ன கற்றீர் என வினவினார். ஐயரவர்கள் தாம் கற்ற நூல்களை வரிசையாகக் கூறினார். முதலியாரிடம் வியப்புத் தோன்றவில்லை. கம்பராமாயணத்தைச் சொல்லியும் அவர் அமைந்திலர். அவற்றிற்கு முற்பட்ட பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று வினவிச் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்னும் பெயர்களை எடுத்துரைத்தார். மகாவித்துவானின் மாணாக்கர் என்ற பெருமிதத்தோடு சென்றவருக்கு அது பேரதிர்ச்சியாயிற்று. அந்நூல்களை அவர் பாடங்கேட்டதில்லை. அவற்றின் பிரதியும் அவரிடத்தில் இல்லை.

இவ்விடத்திலே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். கல்லூரி ஆசிரியர் ஒருவர், தமிழ் வித்துவான் அல்லாத ஓர் உத்தியோகத்தர் முன்னிலையில், தமிழ் நூலொன்றைக் கற்றிலேன் என்று ஒப்புதல் எளிதன்று. அந்நூல்கள் பயனற்றவை என்று கூறித் தப்பியிருக்கலாம். சினந்து எழுந்து வந்திருக்கலாம். மறுநாள் வழக்கம்போல வகுப்பிற்குச் சென்றுமிருக்கலாம். ஐயரவர்கள் அங்ஙனம் செய்திலர். பிரதி கிடைத்தாற் படித்துப் பொருள் கூறுதல் தம்மால் இயலும் என்றார். அவ்வுறுதியைக் கண்டு மகிழ்ந்த முதலியார், தம்மிடமிருந்த சீவக சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைப் பின்னர் அவரிடம் அளித்தார்.

ஏட்டைத் திறந்தபின்னரே இடர் தொடங்கிற்று. சிந்தாமணி சைன காவியம். அதிலுள்ள சமயக் கொள்கைகளும் வழக்கங்களும் சைவச் சூழலில் வளர்ந்தவருக்குப் புதியவை. கும்பகோணத்திலிருந்த சைனர்களின் இல்லங்களை நாடிச் சென்றார். அவர்கள் அந்நூலைத் தலைமுறை தலைமுறையாகப் பக்தியோடு படித்துவந்தவர்கள். கல்லூரியிலே ஆசிரியராயிருந்த அவர், அவ்வில்லங்களிலே மீண்டும் மாணாக்கரானார்.

அக்காலத்திலே நம் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி ஈன்ற சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் கும்பகோணத்தில் வசித்துவந்தார். பழந்தமிழ் நூற்பதிப்பிலே முன்னோடியாகிய அவர், சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்கக் கருதி ஐயரவர்களிடம் பிரதியை வேண்டினார். ஐயரவர்களோ தாம் தொட்ட பணியைத் தாமே முடிப்பதென்று துணிந்தார். 1887ஆம் ஆண்டிலே ஐயரவர்களின் சிந்தாமணியும் பிள்ளையவர்களின் கலித்தொகையும் வெளிவந்தன. தமிழன்னைக்கு அஃது இரட்டைப் பேறு.

ஏடு தேடிய பயணத்திலே ஐயரவர்கள் கண்ட துயரங்கள் பல. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள், சாத்திர விதியென்று கருதப்பட்டு ஓமத்தீயில் இடப்பட்டன என்பதைக் கேட்டு அவர் நெஞ்சம் துடித்தது. நாள் தாழ்த்துந்தோறும் ஒரு நூல் அழியும் என்பதை அவர் உணர்ந்தார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் கையால் அச்சேறின. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறியபின்னரும், 1919இல் ஓய்வு பெற்றபின்னரும் பணி ஓயவில்லை. குறுந்தொகையை வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இன்று நம் மாணவர் புறநானூற்றைப் புத்தகமாகக் கையிலேந்திப் படிக்கின்றனர். அப்புத்தகத்தின் பின்னே ஒரு வியாழக்கிழமையும், ஒரு வினாவும், கற்றிலேன் என்று ஒப்பிய ஓர் ஆசிரியரின் நேர்மையும் உள்ளன. வகுப்பிலே மாணவன் ஒருவன் நாம் அறியாத ஒன்றை வினவும்பொழுது, அவனை அதட்டி அமர்த்தாது, நாமும் அன்றிரவு ஏட்டைத் திறப்போமாக. விழாக்காணும் நம் கல்லூரி அத்தகைய வினாக்களுக்கு என்றும் இடமளித்து நீடு வாழ்வதாக.